கசக்கக் கூடாத கந்தை

மகாளய பட்சம் முடியும் தறுவாயில் புனே நகரத்து பால்கனிகளை அண்ணாந்து பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரிந்துவிடும். மழை போய்விட்டது. நவராத்திரி வரப்போகிறது. கம்பி, கைப்பிடிச் சுவர், மொட்டைமாடி என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் கோதடிகள் தொங்குகின்றன. கடம் வைப்பதற்கு முன்னால் வீட்டிலுள்ள படுக்கை, போர்வை அத்தனையையும் துவைத்துக் காயவைத்தாக வேண்டும் என்பது மராட்டிய வீடுகளில் எழுதப்படாத சட்டம். காரணம் பக்தி மட்டுமல்ல. நாலு மாத மழையில் ஊறிய துணிக்கு முதல் நல்ல வெயில் அப்போதுதான் கிடைக்கிறது. கிராமங்களில் இதற்காகப் பெண்கள் கூட்டமாக ஆற்றுக்குப் போவார்கள். புனேயிலும் முட்டா ஆறு ஓடத்தான் செய்கிறது. ஆனால் அதில் துவைத்தால் கோதடி போனதைவிட அழுக்காகத் திரும்பி வரும்.

பழைய நூல் புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கோணி ஊசியால் நெருக்கமாக நூலோட்டித் தைத்தால் அது கோதடி. கீழே விரித்தால் மெத்தை, மேலே இழுத்தால் போர்வை. வங்காளத்தில் இதன் உறவுக்காரிக்குக் காந்தா என்று பெயர், பீகாரில் சுஜனி. கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹலியால் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைப்பது கவந்தி. அதன் நாலு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைக்காவிட்டால் அது அம்மணமாக இருப்பதாகச் சொல்வார்கள். வங்காளியின் 'காந்தா'வும் தமிழின் 'கந்தை'யும் ஒரே வடமொழிச் சொல்லின் இரண்டு பிள்ளைகள். வங்காளத்துப் பெண்கள் கந்தையில் மயிலும் தாமரையும் தைத்துப் பெயர் வாங்கிவிட்டார்கள். தமிழர்கள் "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று ஒரு பழமொழியோடு நிறுத்திக்கொண்டார்கள். விசேஷம் என்னவென்றால், இந்தக் கந்தையைக் கட்டலாம், விரிக்கலாம், போர்த்தலாம். கசக்க மட்டும் கூடாது.

இது கோத்ரூட் பகுதியில் மூன்றாவது மாடியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத் தலைவிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொள்ள அவர் ஒரு கோதடியை விலையாகக் கொடுத்திருக்கிறார்.

அவருடைய அம்மா மதுரையில் இறந்து ஒரு வருடம் கழிந்தபோது, 1998ல், பெட்டியில் பூட்டி வைத்திருந்த அம்மாவின் புடவைகளைப் பார்த்துவிட்டுத் தரைத்தளத்து ஆஜி, "பூட்டி வைத்தால் பூச்சிக்கு. என்னிடம் கொடு, உனக்கு" என்றாராம். சுங்குடிப் புடவைகள், அப்பாவின் வேட்டிகள். நன்றாக இருந்தவை வெளிப்பக்கத்துக்கு, நைந்தவை உள்ளே. நாலு மூலைக்கும் குழவி, இஸ்திரிப் பெட்டி, இரண்டு செங்கல் என்று பாரம் வைத்து, தரையில் உட்கார்ந்து ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்தார் ஆஜி. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. ஒரு மழைக்காலத்து மத்தியானங்கள் முழுக்க அதற்கே போயின. மதுரையில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட சௌராஷ்டிரர்களின் முன்னோர் குஜராத்திலிருந்து தெற்கே வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தத் துணி பாதி வழி திரும்பிப்போய்ப் புனேயில் கோதடியாகியிருக்கிறது.

சின்னது 2009ல் சலவை இயந்திரத்துக்குள் போனது. வெளியே வந்தபோது மேல்துணி மட்டும் கோதடியாக இருந்தது. உள்ளே இருந்த வேட்டித் துண்டுகள் உருண்டு ஒரு மூலையில் பந்தாகக் கிடந்தன. ஒரு வரிசையில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் போதும். ஓட்டுத் தையலில் முடிச்சு கிடையாது. அறுந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் நூல் நழுவிக்கொண்டே போகும். ஆஜி அப்போது உயிரோடு இருந்தார். பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது என்கிறார் அந்தப் பெண்மணி.

பெரியது அதற்குப் பிறகு தண்ணீரையே பார்க்கவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை வெயில், உதறல், அவ்வளவுதான். இது அப்படியொன்றும் தப்பான வழியில்லை. அருங்காட்சியகங்களில் பழைய காந்தாக்களைத் துவைப்பது கடைசி யோசனை. வாக்குவம் கிளீனரின் வாயில் வலைத்துணியைக் கட்டி, மெதுவாகத் தூசியை இழுப்பதே முதல் வைத்தியம். ஆனால் மனிதர்கள் படுத்துப் புரளும் துணி அருங்காட்சியகப் பொருள் அல்ல. பெங்களூரில் ஏழாவது மாதத்தில் இருக்கும் மகள் ஒரு நாள் போனில் பேசினாள்.

"அம்மா, குழந்தைக்குப் பாட்டி கோதடியைத்தான் விரிக்கணும். கடையில வாங்கினது எதுவும் வேண்டாம்."

"அதுல எத்தனை வருஷத்து அழுக்கு இருக்கு தெரியுமாடி?"

"துவைச்சாப் போச்சு. மெஷின்ல போடும்மா, அரை மணியில முடிஞ்சிடும்."

"மெஷின்ல போட்டா அதுவே முடிஞ்சிடும்."

டிரை கிளீனிங் கடை? கணவரின் யோசனை அது. அங்கேயும் உருளைக்குள் போட்டுத்தான் புரட்டுகிறார்கள், தண்ணீருக்குப் பதில் கரைப்பான் திரவம். பத்து அடுக்குத் துணிக்குள் அந்த வாடை புகுந்தால் சீக்கிரத்தில் வெளியேறாது. பிறக்கப்போகும் குழந்தைக்கு அது வேண்டாம் என்று அந்த யோசனை தள்ளுபடி ஆயிற்று.

கோதடிக்கு எமன் அழுக்கல்ல, தண்ணீர். இன்னும் சரியாகச் சொன்னால் தண்ணீரின் எடை. கோத்ரூட் கோதடியைப் பழைய பேப்பர்காரரின் தராசுக் கொக்கியில் மாட்டிப் பார்த்தார்கள்: காய்ந்த நிலையில் இரண்டரைக் கிலோ. நனைந்த பருத்தி தன் எடையைப் போல இரண்டு பங்கு தண்ணீரைச் சுலபமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆக, தொட்டியிலிருந்து தூக்கும்போது அது ஏழெட்டுக் கிலோ. அதை ஒரு மூலையைப் பிடித்து ஒருவர் தூக்கினால் அத்தனை பாரமும் அந்த மூலையில் இருக்கும் பத்துப் பதினைந்து தையல்களில் தொங்குகிறது. பருத்தி இழை நனைந்தால் வலு கூடும், பட்டும் ரேயானும்தான் வலு குறையும் என்பது உண்மையே. புதுத் துணி கல்லில் அடித்தாலும் தாங்குவது அதனால்தான். ஆனால் ஒருவர் ஆயுள் முழுக்கக் கட்டி, வெயிலில் உலர்த்தி, பிறகு இன்னொருவர் கால் நூற்றாண்டு படுத்த புடவையின் இழைக்கு அந்த விதி பொருந்தாது. முறுக்கிப் பிழிவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே கோதடி துவைக்க முதலில் தேவைப்படுவது சோப்பல்ல, ஆள். ஆற்றங்கரையில் இது யாருக்கும் பிரச்சினையாக இருந்ததில்லை. இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் தானாகச் சேர்ந்துவிடுவார்கள். அடுக்குமாடி வீட்டில் இயந்திரம் இருக்கிறது, குழாயில் தண்ணீர் இருக்கிறது. நாலு மூலையைப் பிடிக்க எட்டுக் கை இல்லை. பெண்மணி தரைத்தளத்துக்குப் போய்க் கதவைத் தட்டினார். ஆஜி காலமாகிப் பல வருடங்கள். மருமகள் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் வஹினி, அதாவது மதனி.

வஹினி முதலில் கேட்டது, "சாயம் போகுமா, அக்கா?"

நியாயமான கேள்வி. பழைய சுங்குடியின் அரக்குச் சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுதுகொண்டே இருக்கும். இதைச் சோதிக்க வெள்ளைக் கைக்குட்டை போதும். ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஈரக் கைக்குட்டையை ஐந்து நிமிடம் அழுத்தி வைத்து எடுக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்து இன்னொரு முறை. பச்சை, நீலம் இரண்டும் சுத்தமாக வந்தன. சிவப்பு மட்டும் லேசாக ரோஸ் அடித்தது. ஒரு பிடி உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்பது தமிழ்நாட்டு வீடுகளின் நம்பிக்கை, வினிகர் என்பது வடக்கத்திய வீடுகளின் நம்பிக்கை. சாயத் தொட்டியில் துணி சாயம் ஏறும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏற்கெனவே ஏறிய சாயத்தை அடுப்படி உப்பு கெட்டியாக்கிவிடாது. சாயம் கசியும் துணிக்கு உதவுவது மூன்றுதான்: குளிர்ந்த தண்ணீர், நிறையத் தண்ணீர், சுறுசுறுப்பு. ஊறவைத்தால் போயிற்று. நனைந்த கோதடியை மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், எந்த இடத்தில் சிவப்பு வெள்ளையைத் தொட்டுக்கொண்டிருந்ததோ அங்கே முத்திரை விழுந்துவிடும்.

சோப்பு விஷயத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு குறைவாகப் போடுவது அல்ல, கூடுதலாகப் போடுவது. பத்து அடுக்குக்குள் புகுந்த டிடர்ஜெண்டை வெளியே கொண்டுவருவது அழுக்கை வெளியே கொண்டுவருவதைவிடக் கடினம். மிச்சமிருக்கும் பவுடர் துணியை விறைக்கவைக்கும், புது அழுக்கை இழுக்கும், குழந்தையின் தோலில் அரிக்கும். வஹினி வீட்டில் ரீட்டா, தமிழில் பூந்திக்கொட்டை, ஊறவைத்துக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் கோதடிக்கு. நன்றாக வடிகட்டாவிட்டால் அதன் பழுப்பு வெளிர்நிறத் துணியில் ஏறும் என்பது ஒரு குறை. அது கைவசம் இல்லாதவர்களுக்குக் கம்பளித் துணிக்கென்று விற்கும் திரவ சோப்பு, அதுவும் டப்பாவில் எழுதியிருப்பதில் பாதி. பிளீச்சிங் பவுடர், நீலம், கஞ்சி மூன்றும் கிட்டேயே வரக் கூடாது. கஞ்சி போட்ட துணியைத்தான் வெள்ளிப்பூச்சி தேடி வரும்.

இதெல்லாம் கோதடி, காந்தா போல அடுக்கித் தைத்தவற்றுக்குத்தான். டெல்லியிலோ ஜெய்ப்பூரிலோ இருக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு ரஜாயைத் தொட்டியில் அமுக்கிவிடக் கூடாது. ரஜாய்க்குள் இருப்பது துணியல்ல, கொட்டிய பஞ்சு. அதைப் பிடித்துவைத்திருக்கும் தையல் தூரத் தூரமாக இருக்கும். நனைந்தால் பஞ்சு கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். பிறகு எந்த வெயிலும் அதைப் பிரிக்காது. அதற்கு முறையே வேறு. உறையைப் பிரித்து உறையை மட்டும் துவைக்க வேண்டும். பஞ்சை, குளிர் தொடங்கும்போது வில்லை மீட்டிக்கொண்டு தெருவில் வரும் துனியாவிடம் கொடுத்து மறுபடி கொட்டி வாங்க வேண்டும். வங்காளத்து லேப்புக்கும் இதே விதி, அங்கே அவர் பெயர் துனுரி. வில்லின் நாண் ஓசை கேட்பது வருடத்துக்கு வருடம் அபூர்வமாகி வருகிறது. உறையைக் கழற்ற முடியாத ரஜாய்க்கு ஈரத்துணியால் கறையை மட்டும் ஒற்றியெடுப்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

மொட்டைமாடிச் சாவி சொசைட்டி செயலாளரிடம் இருந்தது. மாடியில் துணி உலர்த்தக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியவரே அவர்தான். கோதடி என்ற வார்த்தையைக் கேட்டதும் சாவியைக் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்துத் தன் வீட்டுக் கோதடி இரண்டோடு மேலே வந்தார். வாட்ச்மேனின் மனைவி நாலாவது ஆள்.

தரையைக் கழுவி, பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து, அதன்மேல் கோதடி. விரிப்பு அழகுக்கல்ல. நனைந்த பிறகு தூக்க வேண்டியது விரிப்பைத்தான், கோதடியை அல்ல. அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் எடுத்துப்போவது மாதிரி. குழாயிலிருந்து ரப்பர் டியூப் மூலம் முதலில் வெறும் தண்ணீர். மழைத் தண்ணீர் சாலையில் ஓடுகிற நிறத்தில் ஓடியது. பிறகு ரீட்டாத் தண்ணீர். பிறகு மிதித்தல். பிரஷ் கூடாது, கட்டை கூடாது, கை வைத்துத் தேய்க்கவும் கூடாது. வெறுங்காலால் பாதம் முழுக்கப் பதிய, மாவு பிசைவதுபோல் அமுக்கி அமுக்கி நடக்க வேண்டும். அமுக்கும்போது அழுக்குத் தண்ணீர் வெளியேறுகிறது, காலை எடுக்கும்போது நல்ல தண்ணீரைத் துணி உறிஞ்சுகிறது. கொலுசைக் கழற்றிவிட வேண்டும். மெட்டி ஒரு தையலில் மாட்டினால் ஒரு வரிசையே போய்விடும். மெட்டியைக் கழற்ற மனம் வராதவர்கள் விரலில் துணி சுற்றிக்கொள்ளலாம். பெண்மணி சுற்றிக்கொண்டார்.

மகாராஷ்டிரத்தில் துவைப்பதும் கந்தையும் சேர்ந்த இடத்தில் ஒருவர் பெயர் வராமல் போகாது. சலவைத் தொழில் செய்யும் பரீட் சமூகத்தில் 1876ல் பிறந்த காட்கே மகராஜ். உடம்பில் ஒட்டுப்போட்ட கந்தல், கையில் துடைப்பம், கூடவே ஒரு மண்சட்டி. பகலில் ஊரைப் பெருக்கிவிட்டு இரவில் கீர்த்தனம் செய்தவர். அமராவதி பல்கலைக்கழகத்துக்கு இன்று அவர் பெயர். அன்று மாடியில் நாலு பேர் கோதடி மிதிக்கும்போது வஹினி முணுமுணுத்தது அவருடைய பஜனையைத்தான்: 'கோபாலா, கோபாலா.'

மிதித்த தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். நாலு முறை ஆயிற்று. கடைசித் தண்ணீரைக் கையில் எடுத்து இரண்டு விரலால் தேய்த்தால் வழுக்கக் கூடாது. அதுதான் கணக்கு.

பிழிவதற்குப் பதில் சுருட்டுதல். விரிப்போடு சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் தளர்வாகச் சுருட்டி, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தினால் தண்ணீர் ஓரத்தில் வழிகிறது. பிரித்துக் காய்ந்த துண்டுகளை விரித்து மறுபடி ஒரு முறை. துண்டுகள் குடித்தது கோதடிக்கு இனி பாரமில்லை. இதை வேகமாகச் செய்ய வேண்டும் என்பது சிவப்புக்காக.

காயவைப்பதில்தான் பாதிக் கோதடிகள் கெடுகின்றன. ஒற்றைக் கொடியில் நடுவாக மடித்துத் தொங்கவிட்டால், கொடி விழும் கோட்டில் முழு எடையும் இறங்கி அந்த வரிசைத் தையல் இழுபடும். மூன்று நாலு கொடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவற்றின்மேல் அலை அலையாகப் பரப்பலாம். அதைவிட மேல், நாடாக் கட்டில். தண்ணீர் கீழே சொட்டும், காற்று இரண்டு பக்கமும் போகும், எந்தத் தையலுக்கும் பாரமில்லை. செயலாளர் வீட்டில் யாரும் படுக்காத ஒரு கட்டில் இருந்தது. மேலே ஒரு பழைய வேட்டியை விரித்தார்கள். அது காக்கைக்கும் பாதுகாப்பு, வெயிலுக்கும் பாதுகாப்பு. நேர் வெயில் சாயத்தையும் வெளுக்கும், இழையையும் நாளாவட்டத்தில் மொறுமொறுப்பாக்கும். கோதடிக்கு வேண்டியது வெயிலின் சூடும் காற்றும்தான். இரண்டு மணிக்கொரு தரம் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துப் புரட்டினார்கள். அதற்கென்று படியேறி வந்தார்கள், டீயும் வந்தது.

மாலை ஐந்து மணிக்குத் தொட்டுப் பார்த்தபோது காய்ந்துவிட்டது போலத்தான் இருந்தது. இதுதான் பொறி. மேல்துணியும் கீழ்த்துணியும் காய்ந்திருக்கும், நடுவிலுள்ள வேட்டி ஈரமாகவே இருக்கும். அப்படியே மடித்து அலமாரியில் வைத்தால் பத்தே நாளில் உள்ளேயிருந்து கரும்புள்ளி பூக்கும். பூஞ்சைக் கறை துவைத்தாலும் போகாது. பேப்பர்காரரின் தராசு மறுபடி வந்தது. மூன்று கிலோ நூறு. ஆக, அறுநூறு கிராம் தண்ணீர் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. பனியில் போடக் கூடாது என்பதால் ராத்திரி கட்டிலோடு வீட்டுக்குள் கொண்டுவந்து மின்விசிறிக்கு அடியில் வைத்தார்கள். மறுநாள் மீண்டும் மாடி. மூன்று மணிக்கு இரண்டு கிலோ நானூற்றைம்பது.

புறப்பட்டபோது இருந்ததைவிட ஐம்பது கிராம் குறைவு. "அவ்வளவும் அழுக்கா?" என்று கேட்டார் கணவர். யாரும் பதில் சொல்லவில்லை.

சேதம் இல்லாமல் போகவில்லை. ஒரு மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் அறுந்திருந்தது. சிவப்பு சுங்குடியின் ஓரத்தை ஒட்டி, வெளிர்மஞ்சள் துணியில் கைக்குட்டை அளவு ரோஸ் நிறம் பரவியிருந்தது. வஹினி கீழே போய் ஆஜியின் ஊசியை எடுத்துவந்தார். அதே பருமனுள்ள நூல் இப்போது கடையில் இல்லை. ஒரு பழைய நூல் புடவைக் கரையிலிருந்து இழை உருவி, மூன்றாகச் சேர்த்து முறுக்கி, அறுந்த இடத்துக்கு இரண்டு விரற்கடை முன்னாலிருந்தே தொடங்கித் தைத்தார். ஆஜியின் தையலைவிட இவர் தையல் கொஞ்சம் நீளம். உற்றுப் பார்த்தால் தெரியும்.

மாலையில் படம் எடுத்து அனுப்பினார்கள். மகள் உடனே கூப்பிட்டாள்.

"அந்த ரோஸ் முன்னாடி இருந்ததாம்மா?"

"இல்லை. இப்போ வந்தது."

"நல்லாத்தான் இருக்கு."

கோதடி தளர்வாக மடிக்கப்பட்டு, பழைய தலையணை உறைக்குள் போயிற்று. பிளாஸ்டிக் பை கூடாது. துணி மூச்சுவிட வேண்டும். மாதத்துக்கொரு முறை எடுத்து வேறு இடத்தில் மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மடிப்பில் இழை ஒடியும். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம். கொலுப்படி கட்ட நாலு நாள். பெண்மணி பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. வஹினி.

"அக்கா, என் வீட்டில் மூன்று இருக்கிறது. நாளை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வரும். விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்."